எட்டாவது வீடு

— வீட்டுக்கு வேணாம்த்தா. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து பேசுவோம்.

— ஏன் தாயி?

— ஆம்பளைய உள்ள விட மாட்டாவ. பொம்பளப் பிள்ளைய தங்கியிருக்க வீடுல்லா.

— பெத்த அத்தாவையுமா?

— வீட்டுக்காரம்மா கண்டிசன் அப்படி.

— சரி. அது கெடக்கட்டும். இந்தா, அம்மா இடியாப்பம் குடுத்துவிட்டா. கடையநல்லூர்ல ரயிலேறும்போதும் அவளுக்கு ஒரே பொலம்பல்தான். வீடியோவுல கூப்புட்டா பர்வீன் எடுக்கவே மாட்டேங்கான்னு.

— கிளாஸ்ல இருந்திருப்பேன்.

— ஞாயித்துக்கிழமையுமா?

— அதில்லத்தா.

— எது இல்ல? பேசாம ஆஸ்டல்லயே இருந்திருக்கலாம்லா.

— இருக்க விட்டாத்தான? புதுசா சேந்த பிள்ளைகளுக்கே எடம் பத்தல. ஃபைனல் இயர் படிக்கவிய எல்லாரும் வெளிய வீடு பாத்துக்கோங்கன்னு பதினஞ்சு நாள் டைம் குடுத்தாவ. நான், யுவராணி, வெங்கடேஸ்வரி, மூணு பேரும் ராஜபாளையத்துல பாதி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல பாதின்னு தெருத்தெருவா அலைஞ்சோம்.

— கெடைக்கலியா?

— கெடைச்சுது. பேரு கேக்குற வரைக்கும் கெடைச்சுது.

— ம்.

— மொத வீட்டுல சாவியவே கையில குடுத்துட்டாவ. பொறவு ஆதார் ஜெராக்ஸ் கேட்டாவ. எம்பேரப் பாத்துட்டு, மகன் சாமான் கொஞ்சம் உள்ள கெடக்கு, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்னு சாவிய வாங்கிக்கிட்டாவ. இன்னொரு வீட்டுல, நீங்க ரெண்டு பேரும் மட்டும்னா வாங்கன்னு என் மொகத்துக்கு நேராவே அவளுவகிட்ட சொன்னாவ. இப்படியே ஏழு வீடு.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— என்னன்னு சொல்ல? நீங்க வச்ச பேரால எனக்கு வீடு கெடைக்கலன்னா?

— சரி. மேல சொல்லு.

— மறுநாள் ஆஸ்டல் ரூமக் காலி பண்ணணும். எட்டாவது வீடு, இங்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல, மடவார் வளாகத்துல. இசக்கியம்மாள்னு ஒரு அம்மா, தனியாத்தான் இருக்காவ. வரிசையா பேரு கேட்டாவ. நான் வாயத் தொறக்கதுக்குள்ள யுவராணி முந்திக்கிட்டா. இவ பவித்ரான்னுட்டா.

— நீ என்ன சொன்ன?

— தலைய ஆட்டுனேன்.

— ம்.

— அவ மேல கோவப்படாதிய. என்ன விட்டுட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் சொன்னா. அவளோட ஆதாரையே குடுத்து வீட்டப் பிடிச்சா. தலைய ஆட்டுனது நாந்தான்.

— பொறவு?

— பொறவு ரெண்டு மாசமா பவித்ராதான். போன்ல உங்கள அப்பான்னு மாத்தி வச்சிருக்கேன். அம்மா வீடியோவுல முக்காட்டோட வருவா. அந்தம்மா எட்டிப் பாத்துட்டா என்ன செய்யன்னுதான் எடுக்கல. தொழும்போது கதவுக்கு முன்னால வெங்கடேஸ்வரிய உக்கார வச்சுக்கிடுவேன். அந்தம்மா கோயிலுக்குப் போயிட்டு வந்து திருநீறு பூசவும் நெத்தியக் காட்டுதேன்.

— உன்ன நல்லா வச்சுக்கிடுதாவளா?

— அதான்த்தா தாங்க முடியல. கத்துனா, வஞ்சா, பரவால்லன்னு இருந்திருவேன். போன வாரம் எனக்குக் காய்ச்சல். கஞ்சி வச்சு ஊட்டிவிட்டாவ. பவித்ரா, இன்னும் ரெண்டு வாய் குடிம்மான்னாவ. அழுகையா வந்துச்சு. காய்ச்சல்ல அழுதேன்னு நெனச்சு நெத்தியில துணி நனைச்சுப் போட்டாவ.

— அழாத தாயி. சுத்தி ஆளு இருக்கு.

— இன்னைக்கு நீங்க போன் போட்டு, இங்க வந்திருக்கேன்னு சொன்னதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அத்தா வந்திருக்காவளேன்னு தோணல. அந்தம்மா உங்களப் பாத்துரக் கூடாதேன்னுதான் தோணுச்சு. ஓடி வந்தது உங்களப் பாக்க இல்ல, மறைக்க.

— விடு தாயி.

— விட முடியாதுத்தா. எந்திரிங்க. இப்பவே போவோம். எம்பேரு பர்வீன், இவிய எங்கத்தான்னு அந்தம்மாகிட்ட சொல்லிருதேன். வெளிய போன்னா போறேன். இன்னும் ஏழு வீடு ஏறி எறங்குதேன். நீங்க பக்கத்துல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்.

— உக்காரு.

— ஏன்த்தா?

— நான் அங்க போயிட்டுத்தான் வாரேன்.

— எங்க?

— உனக்குப் போன் போடுததுக்கு முன்னாலயே, நீ காலேஜுல இருக்கும்போது, நீ அனுப்புன அட்ரஸ விசாரிச்சுக்கிட்டு மடவார் வளாகத்துக்குப் போனேன். எம்மக இங்கன தங்கியிருக்கான்னேன். மத்த ரெண்டு பிள்ளைக அப்பாமாரும் வந்துட்டுப் போயிட்டாவளே, அப்ப நீங்க பவித்ரா அப்பாதானன்னு கேட்டாவ. இல்லம்மா, வீடு மாறி வந்துட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். கொடியில பாத்தா, பெருநாளைக்கு நான் எடுத்துக் குடுத்த பச்சச் சுடிதார் காயுது.

— அத்தா.

— வெளங்கிருச்சு.

— நீங்களாவது உண்மையச் சொன்னியளா?

— உள்ள கூப்புட்டு சேர் போட்டாவ. உங்க மக தங்கமான பிள்ளைன்னாவ. மோர் கொண்டாந்து குடுத்துட்டு, உங்க பேரு என்னன்னு கேட்டாவ. அம்பத்தாறு வருசத்துல மொத தடவையா, முத்து முகம்மதுன்னு சொல்ல எனக்கு நாக்கு எழும்பல தாயி. முத்துன்னு மட்டும் சொல்லிட்டு மோரக் குடிச்சேன்.