பறக்காத நாயகி

செவ்வாய்க்கிழமை மாலை, பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் கழுத்தில் அலுவலக அட்டையோடு இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் சொன்னார்:

“மச்சான், அவளோட பறக்குற சக்திய புடுங்கிட்டேன்.”

“இன்னாடா சொல்ற? சூப்பர் ஹீரோயின் ஷேர் ஆட்டோல போவாளா?”

“போவட்டும். போன தபா எல்லாரும் பறந்தானுங்க, அரை மணி நேரத்துல ஆட்டமே முடிஞ்சிச்சு. இவளுக்கு மழ பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வரும்னு முன்னாடியே தெரியும். ஏரிக்கரை அயனம்பாக்கத்துக்கு இவதான்டா வேணும்.”

நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு நாயகராகக் கதை சொல்லி ஆடுவார்களாம். கதை நடக்கும் ஊரை உருவாக்குவது இம்முறை ஜன்னலோரத்தவர் பொறுப்பு. மடியிலிருந்த நோட்டில் ஏரியும் நெடுஞ்சாலையும் சந்துகளும் வரையப்பட்டிருந்தன.

“நம்ம ஏரியாவுக்கு எந்த வில்லன்டா வருவான்? பசங்க அமெரிக்கா மாதிரி ஊரு கேக்குறானுங்க.”

“அங்க எனக்கு ஒரு சந்து தெரியுமா? இங்க எல்லாம் தெரியும். புடிக்கலன்னா வேற எவனாவது ஆட்டத்த நடத்தட்டும்னு சொல்லி, மேப்ப குரூப்ல போட்டுட்டேன்.”

“இரு, எவன் நடத்த வரான்னு பாப்போம்.”

சிறிது நேரத்தில் ஜன்னலோரத்தவரின் கைபேசி ஒலித்தது. அதைப் படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சென்னீர்குப்பத்துக்கு நான்தான் ஹீரோ, எவனும் எடுக்கக் கூடாதுன்னு ஒருத்தன் போட்டுக்கீறான். இன்னொருத்தன் ஆவடி கேக்குறான்!”

பக்கத்திலிருந்தவர் நோட்டைத் தன் மடிக்கு இழுத்தார்.

“வேலப்பன்சாவடில எங்க ஊட்டயே காணோமே. பேனா குடு மாமே.”