பன்னெண்டு காத்து, இருபத்திரெண்டு காத்து

தி. நகர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மீனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் செல்போனை நண்பரிடம் காட்டினார்.

“காத்து பாக்க ரெண்டு ஆப் வெச்சிக்கீறேன் மச்சி. இதுல பன்னெண்டு காட்டுனா அதுல இருபத்திரெண்டு காட்டும். சம்சாரம் துணிக்கடைக்குக் கூப்ட்டா, பன்னெண்டக் காட்டிட்டுக் கடலுக்குப் பூடுவேன். கடலுக்குப் போவ சோம்பலா இருந்தா, இருபத்திரெண்டக் காட்டிட்டுப் பட்த்துக்குவேன். இன்னிக்கு இன்னாவோ ரெண்டுலயும் இருபத்திரெண்டு. மாட்டிக்கினேன்.”

நண்பர் போனை வாங்கிப் பார்த்தார்.

“லூசு, எப்பவுமே ரெண்டும் ஒரே காத்துதான். இது கடல் மைல் கணக்கு, அது கிலோமீட்டர். இப்ப யாரோ இதையும் கிலோமீட்டருக்கு மாத்திக்கீறாங்க.”

“எவன்டா அது?”

பெண்கள் சீட்டிலிருந்து அவர் மனைவி திரும்பினார்.

“நாந்தான். எறங்கு, பாண்டி பஜார் வந்துட்ச்சி.”