பாலில்லாச் சொதிக்கு வந்த கூட்டம்

ஹப்ஸா: …இல்ல, வாசிங்க ரஜனியக்கா. காது சும்மாதான் ஈக்கி. கைலதான் தேங்கா.

ரஜனி: திருவுறதைக் கொஞ்சம் நிப்பாட்டும், ஹப்ஸா. கம்பெனியின்ரை கொள்கை வாசிக்கேக்கை தேங்காய் திருவுறது மரியாதை இல்லை.

ஹப்ஸா: நாளைக்கு வங்கிக்கும் டியூஷன் வகுப்புக்கும் சோத்துப் பார்சல் போகணும். எங்கட மரியாதை இந்தத் தேங்காவுலதான் ஈக்கி. வாசிங்க.

ரஜனி: "வாடிக்கையாளரின் விருப்பம் நாளுக்கு நாள் மாறுகிறது. அதனோடு மாறாத நிறுவனம் நிலைத்திராது."

ஹப்ஸா: ஆரு மாறின? வங்கி மெனேஜர் நாங்க கடை தொறந்த நாள் தொட்டு பொரிச்ச மிளகாதான் கேக்கிறார்.

ரஜனி: அவர் போன மாசம் பென்ஷனிலை போட்டார்.

ஹப்ஸா: போய்ட்டாரா… அதுதான் மிளகா மிஞ்சுது.

ரஜனி: புது மனேஜர் வீட்டிலையிருந்து பெட்டியிலை கீரை கொண்டு வாறாராம். விளங்குதோ? சிறுதொழில் கருத்தரங்குக்குப் போனனான் எல்லே, அங்கை படிப்பிச்ச மிஸ் இதைத்தான் சொன்னவ. கொழும்புச் சனம் இப்ப ஒரு கையிலை கொலஸ்ட்ரோல் ரிப்போட்டை வைச்சுக்கொண்டுதான் மற்றக் கையாலை சாப்பிடுதாம். சந்தை ஓடுதாம். கம்பெனி எண்டா முதலிலை வழிகாட்டுற கொள்கையை எழுதிச் சுவரிலை ஒட்டோணுமாம்.

ஹப்ஸா: நாங்க ரெண்டு பேர், மூணு அடுப்பு. சுவரெல்லாம் கரி. எங்க ஒட்டுற?

ரஜனி: பிரிட்ஜிலை ஒட்டுவம்.

ஹப்ஸா: எங்கட கிட்ட கொள்கை இல்லையெண்டு ஆரு சென்ன? வெள்ளிக்கிழமையில நீங்க மரக்கறி ஆக்குவீங்க, நான் கோழி ஆக்குவேன். இத்தன காலத்துல ஒரு கரண்டி மாறினதில்ல.

ரஜனி: அது வழக்கம். கொள்கை எண்டா இதுவரைக்கும் ஆரும் செய்யாததா இருக்கோணும்.

ஹப்ஸா: செரி. செய்யாதத வாசிங்க.

ரஜனி: "திங்கட்கிழமை முதல் எமது உணவில்…"

ஹப்ஸா: ரயில் போகுது. ஒண்டும் கேக்கல்ல… ஆ, இப்ப செல்லுங்க.

ரஜனி: "திங்கட்கிழமை முதல் எமது உணவில் தேங்காய்ப்பால் சேர்க்கப்பட மாட்டாது."

ஹப்ஸா: திருவுறத நிப்பாட்டிட்டேன்.

ரஜனி: கோவமோ?

ஹப்ஸா: இல்ல. இது கொள்கையா, தேங்காப்பால அடக்கம் பண்ற ஜனாஸா அறிவித்தலா எண்டு யோசிக்கிறேன்.

ரஜனி: எல்லாப் பார்சலும்தான். பருப்பு, கத்தரிக்காய், சொதி, எல்லாம் பாலில்லாமல். அரைகுறையா மாறக்கூடாது எண்டு மிஸ் சொன்னவ.

ஹப்ஸா: பாலில்லாம சொதி.

ரஜனி: ஓம்.

ஹப்ஸா: பாலில்லாட்டி அது சொதியில்ல. மஞ்சள் கரைச்ச வெந்நீர்.

ரஜனி: முந்தி நான் பாலில்லாமல் வைச்சுப் பாப்பம் எண்டு கேட்டப்பவும் இதைத்தான் சொல்லிச் சிரிச்சனீர். டியூஷன் மாஸ்டருக்கு முன்னாலை.

ஹப்ஸா: சிரிக்கல்ல. இருமினேன்.

ரஜனி: மாஸ்டரும் சேர்ந்து இருமினவர்.

ஹப்ஸா: அந்தக் கெழம வெள்ளவத்த முழுக்கத் தடிமனும் இருமலும்.

ரஜனி: இருமும், நல்லா இருமும். ஆனா கிறீன் ஸ்பூன் எண்ட கடையைப் பாரும். போனிலை சாப்பாடு ஓடர் பண்ணுற ஆப்பிலை மூண்டு மாசமா நடக்குது. எங்கடை வெள்ளவத்தையிலையிருந்துதான். சிவப்பரிசிச் சோறு, அவிச்ச கத்தரிக்காய், பாலில்லாச் சொதி. மத்தியானத்துக்குள்ளை ஒண்டும் மிஞ்சாது.

ஹப்ஸா: அவ்வளவு ஓட்டமா.

ரஜனி: பம்பலப்பிட்டியிலை இராமர் எண்டு ஒருத்தர், ஒரு நாளும் தவறவிட மாட்டார். கிருலப்பனையிலை சாமினி எண்டொரு பிள்ளை, எப்பவும் ரெண்டு பார்சல். சொதி கொஞ்சம் கூட விடச் சொல்லி எழுதுறவ.

ஹப்ஸா: அடுத்தவன்ட கடைக்கு வாற ஆக்கள்ட பேர் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ரஜனி: …போட்டிக் கடையை உன்னிப்பாப் படிக்கோணும் எண்டு மிஸ் சொன்னவ.

ஹப்ஸா: பேரோடயா?

ரஜனி: உன்னிப்பா எண்டா பேரோடைதான்.

ஹப்ஸா: நல்லாத்தான் படிச்சீக்கிறீங்க. ஆனா அந்தக் கத்தரிக்கா… உப்புக் காணாது. நடுவுல வேகவும் இல்ல.

ரஜனி: எந்தக் கத்தரிக்காய்?

ஹப்ஸா: கிறீன் ஸ்பூன்ட.

ரஜனி: நீர் சாப்பிட்டனீரோ?

ஹப்ஸா: …தங்கச்சி ஸும்றா ஒரு நாள் கொண்டு வந்த. ஒரு வாய்தான்.

ரஜனி: ஒரு வாயிலை நடு வேகேல்லை எண்டு கண்டுபிடிச்சிட்டீரோ?

ஹப்ஸா: நடுவுலதான் கடிச்சேன்.

ரஜனி: பிரஷர்காரருக்காகத்தான் உப்புக் குறைவு. வேகாமல் ஒண்டுமில்லை. கத்தரிக்காயைக் குழைய விடாமல் அந்தப் பதத்திலை இறக்கிறது லேசுப்பட்ட வேலையோ?

ஹப்ஸா: ஒங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?

ரஜனி: வாங்கேல்லை. தொழில் செய்யிறவைக்கு ஒரு மரியாதை குடுக்கோணும்.

ஹப்ஸா: செரி, குடுத்தாச்சு. ஆனா பால்க்கறி வைக்கிற பெரிய சட்டியக் கவுத்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வங்கியில ஒருத்தர் போனா மத்தவங்க ஈக்கிறாங்க. டியூஷன் மாஸ்டர் ஈக்கிறார். லொட்ஜ்ல நிக்கிற புள்ளைகள் ஈக்கி. ஊர விட்டு வந்து ஒரு வேளை சோறுதான் அதுகளுக்கு ருசியாத் திங்கக் கிடைக்கிது. அதுகள் எல்லாம் திங்கக்கிழமையே வேற கடைக்குப் போய்டும்.

ரஜனி: போறவை போகட்டும். புதுச்சனம் வரும்.

ஹப்ஸா: வராட்டி?

ரஜனி: வரும். கடைசிக் கொள்கையையும் கேளும். "மாற்றத்துக்கு உடன்படாதவிடத்து, பங்காளிகள் மனக்கசப்பின்றிப் பிரிந்து செல்லலாம்."

ஹப்ஸா: …இதையும் அந்த மிஸ்தான் சென்ன?

ரஜனி: இல்லை. இது நான் எழுதினது.

ஹப்ஸா: பிரிஞ்சு எங்க போவீங்க?

ரஜனி: கிறீன் ஸ்பூன் இருக்குத்தானே.

ஹப்ஸா: அங்க ஒங்கள எடுப்பாங்களா?

ரஜனி: எடுப்பினம்.

ஹப்ஸா: ஆரக் கேட்டீங்க?

ரஜனி: ஆரையும் கேக்கத் தேவையில்லை… ஹப்ஸா, அது நான்தான்.

ஹப்ஸா: தெரியும்.

ரஜனி: என்ன தெரியும்?

ஹப்ஸா: மொத நாள் ஸும்றா கொண்டு வந்த பார்சலப் பிரிச்சேன். பப்படம் தனியா, சோறு சுத்துற லஞ்ச் ஷீட்ல முக்கோணமா மடிச்சு, சோத்துச் சூட்டுல நமுத்துப் போகாம ஈந்துச்சு. பப்படத்துக்குச் சட்ட தைச்சு அனுப்புற ஆள் கொழும்புல ஒங்களத் தவிர ஆரு? முழங்காலுக்கு டொக்டர்ட்டப் போறேன், டொக்டர்ட்டப் போறேன் எண்டு ஒவ்வொரு நாளும் போனீங்க. போறப்போ மேல ஈக்கிற ஒங்கட வீட்டு மாடிப்படிய ரெண்டு ரெண்டா ஏறினீங்க.

ரஜனி: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் இருந்தனீர்?

ஹப்ஸா: கேட்டா மூடிருவீங்க.

ரஜனி: மூடினா உமக்கு நல்லதுதானே.

ஹப்ஸா: ஓ. நல்லதுதான்.

ரஜனி: பிறகேன் கேக்கேல்லை?

ஹப்ஸா: …தேங்கா காஞ்சு போகும். திருவவா?

ரஜனி: இரும். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போடுறன். உம்மிலை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா இந்த அடுப்படியிலை எல்லாம் உம்மடை கை. றோட்டிலை என்னைக் கண்டாலும், ஹப்ஸாவின்ரை கறி இண்டைக்கு என்ன எண்டுதான் சனம் கேக்குது. நான் பப்படம் மடிக்கிறன். வெள்ளிக்கிழமையிலையும், கோழி இல்லையோ எண்டு கேட்டிட்டுத்தான் என்ரை மரக்கறியை எடுக்கினம். கிறீன் ஸ்பூன் அப்பிடியில்லை. அது முழுக்க நான். இராமர் ஆப்பிலை என்ன எழுதினவர் தெரியுமோ?

ஹப்ஸா: …என்ன எழுதின?

ரஜனி: "கனகாலத்துக்குப் பிறகு, ஆரோ என்னை நினைச்சுச் சமைச்ச மாதிரி இருந்தது" எண்டு. அதை வாசிச்சிட்டுப் படியிலை இருந்து அழுதனான், ஹப்ஸா. முகம் தெரியாத மனிசன். அவரையும் சாமினியையும் விட்டிட்டு நான் எப்பிடி வாறது? கம்பெனி மாறட்டும், இல்லாட்டி திங்கட்கிழமை நான் போறன். ஒரு சட்டியும் கேக்க மாட்டன். என்ரை ஆக்கள் என்னோடை வருவினம்.

ஹப்ஸா: எழுதினது நல்லா ஈந்துச்சா?

ரஜனி: எது?

ஹப்ஸா: இராமர் எழுதின.

ரஜனி: ஏன் கேக்கிறீர்?

ஹப்ஸா: ரெண்டாம் நாள் ஒங்களுக்கு ஒரு ஓடரும் வரல்ல. நீங்க கீழ வந்து எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தீங்க. சீனிக்குப் பதிலா உப்பு.

ரஜனி: நீர் ஒண்டும் சொல்லேல்லையே.

ஹப்ஸா: குடிச்சேன்.

ரஜனி: அடுத்த நாள் ஓடர் வந்தது. அண்டைக்குத்தான் இராமர் முதன்முதலா…

ஹப்ஸா: ஓ.

ரஜனி: …ஹப்ஸா, என்னைப் பாரும்.

ஹப்ஸா: பம்பலப்பிட்டி அட்ரஸ் ஸும்றாட வீடு. கிருலப்பனை, மகன் நுஸ்கிட போன் கடை. பேர் எல்லாம் அவன் போட்ட. எழுதின மட்டும் நான். பொய்யா எழுதல்ல, அக்கா. அந்த வரி மெய்.

ரஜனி: சாமினி… சொதி கூட விடச் சொல்லி…

ஹப்ஸா: கொஞ்சமாக் கேட்டா ஒங்களுக்குச் சந்தேகம் வரும் எண்டு நெனச்சேன். வீட்டுக்குக் கொண்டு போய் பால் ஊத்திச் சூடாக்கினோம். நல்லாத்தான் ஈந்துச்சு.

ரஜனி: அப்ப சனம் மாறுது, சந்தை மாறுது எண்டு நான் எழுதினதெல்லாம்…

ஹப்ஸா: மாறினது ஸும்றாட குடும்பம் மட்டும்தான். அதுகளுக்கும் இப்ப அலுத்துப் போச்சு.

ரஜனி: எல்லாரும் நீர்தானோ? ஒருத்தரும் உண்மை இல்லையோ? அந்த ரதியுமோ? போன மாசம் தொடங்கி ஒவ்வொரு நாளும் ஓடர் பண்ணுறவ. ஒரு வரியும் எழுதமாட்டா, மூண்டு நட்சத்திரத்துக்கு மேலை போடவும் மாட்டா. அவவைப் பற்றி நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெக்கமா இருந்தது. அவவும் நீரோ?

ஹப்ஸா: நான் ஒங்களுக்கு மூணு நட்சத்திரம் போடுவேனா, ரஜனியக்கா? ரதி ஆரெண்டு எனக்குத் தெரியா. ஸும்றாவுக்கும் தெரியா, நுஸ்கிக்கும் தெரியா… பிரியிற கதைய விடுங்க. பெரிய சட்டி அதுட பாட்டுல பாலோட கெடக்கட்டும், அந்த மூலையில ஈக்கிற அடுப்ப கிறீன் ஸ்பூனுக்கு நீங்க எடுங்க. நாளைக்கும் அவ வருவா, ஒங்கட சொதிக்கு.