தொட்டியில் மீன் இல்லை

ஹலோ... ஹலோ, அண்ணே... நான் மேரி பேசுறேன். சுகன்யா மேரி... உன் கூடப்பொறந்த தங்கச்சிதான், வேற யாரு. இது கம்பெனி நம்பர்... சரி சரி, முதல்ல வண்டியை ஓரங்கட்டு. மீன் வண்டியை ஓட்டிக்கிட்டே போன் பேசாதேன்னு அம்மா எத்தனை தடவை சொல்லிடுச்சு உனக்கு... நிறுத்திட்டியா? இப்ப எங்க நிக்கிற?... அரியலூர் தாண்டிட்டியா. அப்பாடா. மாதா என்னைக் கைவிடலை.

இங்க பாரு, வண்டியில என்ன மீன் இருக்கு?... ஐஸ் மீனா, உயிர் மீனா?... ஜிலேபிக் கெண்டை இருக்கா? உயிரோட?... நீந்துதா?... ஆமாண்ணே, நீந்தணும். நல்லா சுறுசுறுப்பா நீந்துற மீனா ஒரு பத்துப் பன்னெண்டு எனக்கு வேணும். நேரா சிறுவாச்சூர் பக்கம் நம்ம கம்பெனிக்குக் கொண்டாந்துடு... குழம்புக்கு இல்லை... வறுக்கவும் இல்லை. சும்மா பாக்குறதுக்கு... பாக்குறதுக்குத்தாண்ணே. சிரிக்காதே. இங்க என் வேலையே போவப்போவுது.

...லப்பைக்குடிக்காடு பாய் கடைக்குன்னு எனக்கும் தெரியும். பாய்கிட்ட நான் பேசிக்கிறேன். அவரு நல்ல மனுசன், கொஞ்சம் பொறுத்துக்குவாரு. எங்க முதலாளி பொறுக்க மாட்டாரு.

சொல்றேன், சொல்றேன். கேளு. நாங்க துணிக்குச் சாயம் ஒட்டவைக்கிற கெமிக்கல் செய்யுறோமா... ஆமா, என் துப்பட்டாவுல அடிக்குமே, அந்த நாத்தந்தான். அதுல வர்ற கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்றது என் வேலை. சுத்தம் பண்ணின தண்ணி கடைசியா ஒரு தொட்டிக்கு வரும். அந்தத் தொட்டியிலதான் மீன் விட்டு வெச்சிருந்தோம்... எதுக்குன்னா, வந்து பாக்குறவன் எவனும் என் ரிப்போர்ட்டைப் படிக்கிறதில்லைண்ணே. மீனைப் பாக்குறான். மீன் நீந்துதா, அப்ப தண்ணி நல்ல தண்ணி. ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு டீயைக் குடிச்சிட்டுப் போயிடுறான்... என் யோசனை இல்லைப்பா. எல்லாம் ஞானப்பிரகாசம் சார் யோசனை. முதலாளி ஆச்சே.

காலையில வந்து பாக்குறேன், தொட்டியில மீன் இல்லை... ஒண்ணுகூட இல்லை. செத்து மிதந்தாலாவது என்னன்னு தெரியும். சுத்தமா துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு... பூனையா? தொட்டி மேல வலை போட்டிருக்குண்ணே... கொக்குக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கு.

இரு, வாட்ச்மேன் வர்றாரு. அமாவாசை அண்ணே, இங்க வாங்க. ராத்திரி யாராவது உள்ள வந்தாங்களா?... நீங்க தூங்கலை, சரி. தூங்குனீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. தொட்டிப் பக்கம் யாராச்சும்... ஏன் இப்புடி முழிக்கிறீங்க?... சரி, போங்க, கேட்டுக்குப் போங்க. வெள்ளைக் கார் வந்தா ஒரு சத்தம் குடுங்க.

அண்ணே, இருக்கியா?... இன்னிக்குத் திருப்பூர்லேருந்து பெரிய பனியன் கம்பெனி மேடம் ஒருத்தவங்க வர்றாங்க, லாவண்யான்னு. அவங்க சரின்னாதான் ஆர்டர். தண்ணியும் மண்ணும் கெடாம செய்யுற இடத்துல மட்டுந்தான் வாங்குவாங்களாம்... வந்தோன்னே மீனைத்தான் கேப்பாங்க. எங்க விளம்பரப் புக்கு அட்டையிலேயே அந்த மீனுதான் இருக்கு. மூக்குல ஒரு கரும்புள்ளி இருக்கும். அந்த மாதிரி ஒண்ணு இருந்தா பாத்து எடுத்து வையேன்.

...ஏமாத்து வேலை இல்லைண்ணே. தண்ணி ஒரிஜினல். மீன் மட்டுந்தான் டூப்ளிகேட்டு.

...ஆமா, உடனே செக் பண்ணிட்டேன். மீட்டர்ல எல்லாம் சரியாத்தான் காட்டுது. ஆனா மீட்டர் காட்டாததும் தண்ணிக்குள்ள இருக்கும்ல. அதுக்குத்தான் கடைசியா ஒரு கரி ஃபில்டர் வைங்க சார்னு ஒரு வருஷமா கத்துறேன். அது வந்துட்டா ஒரு சொட்டுத் தண்ணி வெளிய விட வேண்டாம், திரும்ப பிளான்ட்டுக்கே எடுத்துக்கலாம். இப்ப எங்க போவுது? ஓடைக்குப் போவுது. ஓடை மக்காச்சோளக் காட்டுக்குப் போவுது. கேட்டா என்ன சொல்றாரு தெரியுமா, "மீனே உயிரோட இருக்கு, உனக்கு என்னம்மா"ங்கிறாரு. எதைச் சொன்னாலும் மீனு. வெளி லேப்புல டெஸ்ட் குடுக்கலாம்னா மீனு. குழாயை மாத்தலாம்னா மீனு. என் பட்டத்துக்கு இல்லாத மரியாதை அந்த ஜிலேபிக்கு.

...பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம், ஆமா. அம்மா மாதிரியே பேசாதே. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு வண்டியை எடு.

...என்ன சத்தம்?... சிமெண்டு லாரியா? அதுக்குப் பின்னாடி மாட்டிக்காம வா. மீன் செத்துடப்போவுது.

ஐயோ. இரு இரு... வெள்ளைக் கார் வந்துடுச்சு. மத்தியானம் ஒரு மணின்னாங்க, பன்னெண்டுக்கே வந்துட்டாங்க... வணக்கம் மேடம், வாங்க... இதோ வந்துட்டேன் சார்... அண்ணே, போனை வெச்சுடாதே. கையிலயே வெச்சிருக்கேன்.

...தப்பிச்சேன். சாப்பிட்டுட்டுத் தொட்டியைப் பாக்கலாம்னு சார் கேன்டீனுக்கு அழைச்சிட்டுப் போறாரு. உனக்கு அரை மணி நேரம் இருக்கு. ஓட்டு... நானும் கேன்டீனுக்குத்தான் போறேன். ஏன் மெதுவாப் பேசுறேனா? பின்னாலயே நடந்து போறேன்ல.

...அந்த மேடம் சைவமாம். சார் மட்டுந்தான் இலையில மீன் குழம்பு வாங்குறாரு... இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆச்சேண்ணே. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கறி தொட மாட்டாரு, மீனுதான். நம்ம வூட்டுலயும் அதானே...

...

...அண்ணே.

...இல்லை, லைன்லதான் இருக்கேன். ஒரு நிமிஷம். சார் இலையில கெடக்குறதும் ஜிலேபிதாண்ணே, சமையக்கார அக்காகிட்ட கேக்குறேன்... அற்புதம்மா அக்கா. கொஞ்சம் இப்படி ஓரமா வாங்க. இந்த மீன் எங்க வாங்குனீங்க?... சந்தையில மீன் வரலையா. சரி... விருந்தாளி வர்றாங்க, வெறும் சாம்பாரா வைக்கிறதுன்னு... சரி... கோழி அடிக்கலாம்னா வெள்ளிக்கிழமை. சரிக்கா, அப்புறம்?... தொட்டியிலயா? நம்ம தொட்டியிலயா?... எல்லாத்தையுமா?... குஞ்சு?... குஞ்சை வறுத்துட்டீங்களா.

...அண்ணே, கேட்டியா. குழம்பு வெச்சுட்டாங்க. விளம்பரப் புக்கு மீனைக் குழம்பு வெச்சுட்டாங்க... அமாவாசை அண்ணன்தான் வலையைத் தூக்கிப் பிடிச்சாராம். அதான் அந்த முழி முழிச்சாரு. சிரிக்காதேன்னு சொல்றேன்ல.

...என்னக்கா? போன வெள்ளிக்கிழமையுமா?... அதுக்கு முன்னாடியும்?... தவக்காலம் ஆரம்பிச்சதுலேருந்து ரெண்டு ரெண்டா எடுத்தீங்களா... ஆமா, ஜிலேபி குஞ்சு போட்டுப் பெருகிக்கிட்டே இருக்கும், நான் எங்க எண்ணுனேன். யாருக்குக்கா குடுத்தீங்க?... சாருக்கா?... டிபன் கேரியர்ல வூட்டுக்கும் குடுத்தீங்களா?

...அக்கா, மெதுவாப் பேசுங்க. அக்கா, கேக்குதுக்கா அவருக்கு...

...

கேட்டுடுச்சுண்ணே. அந்தக்கா குரல் பூசையில பாட்டுப் பாடுற குரலு, சமையக்கட்டுக்குள்ள நிக்குமா... சார் கையில பாதி மீன். வாயில மீதி. அப்படியே உக்காந்திருக்காரு, மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

...சார்? சொல்லுங்க சார்... அந்தத் தண்ணியில வளந்த மீன்தான் சார்... சாப்பிடலாமான்னு கேட்டா எப்படி சார் சொல்றது. செடிக்கு விடலாம்னுதான் எழுதிக் குடுத்தேன். குழம்பு வைக்கலாம்னு எழுதலையே... ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன், ஆகும்னும் சொல்ல மாட்டேன். வெளி லேப்புல குடுத்தாத்தான் தெரியும். ஒரு வருஷமா அதைத்தானே கேக்குறேன்... நீங்கதானே சார் சொன்னீங்க, மீனே உயிரோட இருக்குன்னு.

...ஆமா மேடம். இந்த ரிப்போர்ட்டுல இருக்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். தண்ணி முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேல். ஆனா முழுசா சுத்தம்னு நான் சொல்ல மாட்டேன். இன்னும் ஒரு ஃபில்டர் வேணும்... ஆமா, சார் இருக்கும்போதேதான் சொல்றேன் மேடம். அந்த ஓடையில ஆடு மாடெல்லாம் வாய் வைக்குது சார். அதுங்களுக்கும் வயிறு இருக்கு. உங்க வயித்துக்கு மட்டும் பயந்தா எப்படி.

...

அண்ணே... இருக்கியா?... சொல்லிட்டேண்ணே. வாய் தவறி இல்லை, தெரிஞ்சேதான் சொன்னேன். வேலை போயிடுச்சுன்னுதான் நினைக்கிறேன். அம்மாகிட்ட நீயே சொல்லிடு... மேடமா? என் ரிப்போர்ட்டை எடுத்து வெச்சுப் படிக்கிறாங்க. மோர் சாதத்தைத் தள்ளி வெச்சிட்டுப் படிக்கிறாங்க. முதல் பக்கத்துலேருந்து. இதுவரைக்கும் ஒருத்தரும் அதைப் பிரிச்சதில்லைண்ணே.

...இரு, சார் எழுந்துட்டாரு. கை கழுவுறாரு. வாய் கொப்பளிக்கிறாரு... இன்னும் கொப்பளிக்கிறாரு... போனை எடுத்துட்டாரு. என் கணக்கை முடிக்கச் சொல்லத்தான்...

...இல்லைண்ணே.

...திருச்சி ஃபில்டர் கம்பெனிக்குப் பேசுறாரு. அதே கரி ஃபில்டர்தான். "அடுத்த மாசம் இல்லய்யா, நாளைக்கு"ங்கிறாரு. ஒண்ணு போதாது, ரெண்டா அனுப்புங்கிறாரு. ஒரு கையில போனு, ஒரு கை வயித்துல... அழலைண்ணே. சிரிக்கிறேன். சரி, ரெண்டுந்தான். ஒரு வருஷமா பக்கம் பக்கமா எழுதி நகராதது, ஒரு குழம்புல நகர்ந்துடுச்சு.

...ஆர்டரா? இன்னிக்கு இல்லையாம். வழக்கமா எல்லாக் கம்பெனியிலயும் தண்ணி சுத்தம்னு குடிச்சே காட்டுறேம்பாங்களாம். சுத்தம் பத்தாது, இன்னும் ஃபில்டர் வேணும்னு நின்னு கேட்டது நான் ஒருத்திதானாம். ஃபில்டர் மாட்டி, லேப் ரிப்போர்ட்டும் வந்த பிறகு மேடம் திரும்ப வர்றாங்களாம்... ஆமா. ஆனா ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. தொட்டியில மறுபடி மீன் விடணும். அன்னிக்கும் அற்புதம்மா அக்காதான் குழம்பு வைக்கணும். மேடம் சைவம், அதனால அவங்க முன்னாடி உக்காந்து சார்தான் சாப்பிட்டுக் காட்டணுமாம்... முகத்தை ஏன் கேக்குற. சரின்னுட்டாரு, வேற என்ன சொல்லுவாரு.

...ஐயோ, திரும்பிப் போயிடாதே. கொண்டா, கொண்டா. ஜிலேபியேதான், பன்னெண்டு... மூக்குல புள்ளி எல்லாம் வேணாம். நல்லா சதைப்பத்தா இருந்தாப் போதும்... இல்லைண்ணே, இந்தத் தடவை சும்மா பாக்குறதுக்கு இல்லை. மேடம் வர்ற அன்னிக்கு சார் சாப்பிடுறதுக்குத்தான்... இதோ வர்றேன் சார்... வெச்சுடுறேண்ணே, சார் கூப்பிடுறாரு. ஓமத்தண்ணி கேக்குறாரு.