களிம்பேறிய மரை

ஓஸின் பித்தளைக் கப்ளிங்கை இரும்புக் குழாயில் மாட்டி அப்படியே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ஐயா. செவிலிமேட்டில் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, சீக்கிரம் களிம்பேறும். அவ்வப்போது கழற்றி, மரையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும். ரெஞ்ச் போடக் கூடாது.

தம்பி உமாபதியின் தோட்டத்துக் குழாயை இப்படித்தான் பார்த்துவந்தேன். ஒரே மனை, நடுவில் சுவர். எனக்குக் குடும்பம் கிடையாது. அப்பா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ஸ்குரூ எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி அம்சா சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணம் நீட்டுவாள். தங்கமான பெண்.

ஆடியில் ஒருநாள் சொன்னான்: "அடிக்கடி இந்தப் பக்கம் வந்துக்கினு இருக்காதண்ணா. எங்க வேலைய நாங்க பாத்துக்கறோம்."

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு. நியாயமான பேச்சுதான். "சரிப்பா" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் திருமுக்கூடல் கோயிலுக்குப் போயிருந்தபோது, மரையிலிருந்த வாசலினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். உப்பைக் கரைத்து ஊற்றி, ரெஞ்ச் போட்டு இறுக்கினேன். என்றைக்காவது கழற்ற வேண்டிவரும், முடியாமல் என்னைக் கூப்பிடுவான். அவ்வளவுதான் என் எண்ணம்.

கார்த்திகை தீபத்தன்று, வாசலில் தறி போட்டிருந்த ஓலைக் கொட்டகையிலும் அம்சா அகல் வைத்தாள். ஓலை பற்றிக்கொண்டது. தறியில் பாதி நெய்த சேலை இருந்தது. அதை அறுத்தெடுக்க உள்ளே ஓடினாள். தோட்டத்து ஓஸ் வாசல்வரை எட்டாது. கழற்றி வாசல் குழாயில் மாட்ட வேண்டும். உமாபதி திருகினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது, மரை அசையவில்லை. அரிவாளால் ஓஸை வெட்டி எடுத்துப் போயிருக்கலாம். பதற்றத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். ரெஞ்ச் கையில் இருந்தது.

"அம்சா, அம்சா" என்று கத்தினான். "யாராவது வாங்கபா" என்றான். யாராவது என்றான், ஐயா. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன், கொட்டகை சரியும்வரை.

அவளை நினைக்காத நாளில்லை. தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஒருதரம் "அண்ணா" என்று அவன் கூப்பிட்டிருந்தால், அந்தப் பெண் இன்றைக்கு உயிரோடு இருந்திருக்கும்.