செய்திக்கு முந்தைய மௌனம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்தியாயிற்றா? சரி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு என்னை முறைக்கக் கூடாது. இது என் நண்பனின் தாய்மாமா கண்ணால் பார்த்தது... இல்லை, காதால் கேட்டது.

விடிவதற்கு முந்தைய நேரம். ஊரைத் தாண்டி வானொலி நிலையத்துக்குப் போகும் சாலை. ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. நிலையத்து வேனில் டிரைவரைத் தவிர இரண்டே பேர். ஒருவர் அந்த மாமா, கட்டுப்பாட்டு அறை எஞ்சினியர். இன்னொருவர் அறிவிப்பாளர். நாடு முழுக்க ஒரே வானொலி இருந்த காலம் அது. நிலையத்தில் அந்த அறிவிப்பாளருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். ஒரு நொடி பிந்த மாட்டார், ஒரு சொல் பிசக மாட்டார்.

அன்று வேனில் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"வீட்டுல அவளுக்கு உடம்பு சரியில்லையாம். போகாதீங்கன்னா. இவளுக்காக ரேடியோ நிக்குமா?"

 

இன்னொரு அறிவிப்பாளர் லீவு. அதனால் நாள் முழுக்கக் கடிகாரம்தான். தொடக்க இசை... உழவர்களுக்கு மழை நிலவரம்... பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடம். அடுத்து மாதர் நிகழ்ச்சி. "அன்புச் சகோதரிகளே, குடும்பத்தைக் கவனிக்கும் நீங்கள் உங்கள் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டாமா?" என்று தேன் ஒழுகக் கேட்டார். வீட்டில் அந்த ஆள் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். கட்டிய புருஷன் குரலை அந்த அம்மா கேட்டதெல்லாம் ரேடியோவில்தான். காலையில் போட்டால் இரவு நிலையம் மூடும்வரை அணைக்க மாட்டாள்.

சகோதரிகளுக்கு ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அறை ஃபோன் அடித்தது. தெருமுனைக் கடையிலிருந்து அவள். பின்னால் கடை ரேடியோவில் அதே பாட்டு.

"நெஞ்சை என்னமோ பண்ணுதுங்க... அவர் எப்ப முடிப்பார்?"

மாமா ஸ்டுடியோவுக்குள் ஓடினார்.

"சார், நான் இசைத்தட்டு போட்டுச் சமாளிக்கிறேன். வேன் வாசல்லயே நிக்குது. போயிட்டு வந்துடுங்க."

"மத்தியானம் நாடகம் இருக்கு, நேரடி ஒலிபரப்பு. எல்லாம் முடியட்டும்."

மாமா திரும்பி வந்து ரிசீவரை எடுத்தால்... அந்தப் பக்கம் யாரும் இல்லை.

எல்லாம் முடிந்தது. செய்தி, நாடகம், கால்பந்து வர்ணனை, மீனவர்களுக்குக் கடல் நிலவரம், நேயர் விருப்பம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. கடைசி வணக்கத்தையும் சொல்லிவிட்டுத்தான் கடிகாரம் வீட்டுக்குப் போனார். உள்ளே ரேடியோ 'உஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருந்தது. அறை முழுக்கத் தைல வாடை. ரேடியோ மேஜைமேல் தலை சாய்த்தபடி அவள்... உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாட்டும் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்ததே, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நினைத்தார்களாம்.

இதில் பேய் எங்கே என்கிறீர்களா? என்னைக் கேட்டால் அந்த ஆள்தான் பேய். நீங்கள் கேட்ட பேய் இனிமேல்தான் வருகிறது.

சில நாளில் கடிகாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதே குரல். ஒரு பிசிறு இல்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பகல் செய்தி தலைநகரிலிருந்து வரும். "இனி செய்திகள்" என்று இவர் அறிவித்த பிறகு, அங்கிருந்து லைன் இணையும்வரை சில நொடிகள் வெறும் மௌனம். கட்டுப்பாட்டு அறையில் ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. அனுப்புவது வீடுகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்கு. அன்று அந்த மௌனத்தில்... அந்தப் பெட்டியில்... மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"எப்ப முடிப்பீங்க?"

மாமா நடுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். ஸ்டுடியோவில் கடிகாரத்தைத் தவிர ஆள் இல்லை. மைக்கிலிருந்து வரும் லைனில் சத்தமே இல்லை. பெட்டியில் மட்டும் கேட்டது. பெட்டிக்குள் சூடேறிய வால்வு பல்புகளின் நாற்றத்துக்கு நடுவே தைல வாடை அடித்தது.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். நேயர்கள் ஃபோன் செய்தார்கள். "செய்திக்கு முன்னாடி ஒரு பொம்பளை பேசுறாங்களே, யாருங்க அது?" நிலைய இயக்குநர் வேறு ஏதோ ஸ்டேஷன் குறுக்கிடுகிறது என்றார். வால்வை எல்லாம் மாற்றினார்கள். குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஊருக்கெல்லாம் கேட்டது அவருக்கு மட்டும் கேட்கவில்லை. சத்தம் புகாத அறையில் அல்லவா உட்கார்ந்திருந்தார். மாமா பொறுக்க மாட்டாமல் ஒருநாள் சொல்லிவிட்டார்.

"அவங்கதான் சார். ஃபோன்ல நான் கேட்ட அதே குரல். ஒரே ஒரு வார்த்தை பதில் சொல்லிடுங்க. நிம்மதியாப் போயிடுவாங்க."

"மைக்குல சொந்தப் பேச்சு பேசக் கூடாது. தெரியுமில்ல?"

செத்தவளிடம்கூடச் சட்டம் பேசினார் மனிதர். ஆனால் அன்று பகல் செய்திக்கு முன்னால் அவரே வந்து, பெட்டியோடு இணைத்த ஹெட்ஃபோனை வாங்கி, வயரை ஸ்டுடியோவுக்குள் இழுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார். 

வெளியே சுள்ளென்று வெயில். பட்டப்பகல்.

"இனி செய்திகள்."

மௌனம்... மூச்சு...

"எப்ப முடிப்பீங்க?"

கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் வெளிறிப்போனது. மைக்கை மூட நீண்ட கை பாதியில் நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக, ஊரே கேட்க, அந்த மனிதர் குரல் உடைந்து பேசினார்.

"இதோ வந்துட்டேம்மா... இப்பவே வர்றேன். நீ படுத்துக்கோ."

பெட்டியில் மூச்சுச் சத்தம் நின்றது. அப்பாடா, போய்விட்டாள் என்று மாமா நினைத்தார். அப்போது அவள் பேசினாள். கொஞ்சம் எரிச்சலாக, யாரோ வேற்று ஆளிடம் பேசுவதுபோல.

"யாருங்க அது குறுக்கே பேசுறது? கொஞ்சம் சும்மா இருங்க. அவர் குரல் கேக்கமாட்டேங்குது."