வேடசந்தூர் ரோட்டுப் புகையிலைக் கொட்டகை

என் பெயர் சூசைமாணிக்கம், வயது 49, தகப்பனார் பெயர் அருளப்பன். மதுரை மாவட்டம், திண்டுக்கல் டவுன், நாகல் நகரில் மனைவி, மகள் அறிவுச்செல்வியுடன் குடியிருந்து, பஸ் ஸ்டாண்டு அருகே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான் என்றாலும் வக்கீல் குமாஸ்தாக்களே என்னிடம் யோசனை கேட்டுப் போவார்கள். எனக்குத் தெரியாமல் இந்த டவுனில் ஒரு காக்கா பறக்காது. எல்லாரும் என்னை மாமா என்றே கூப்பிடுவார்கள்.

நேற்று, அதாவது 1984 ஆகஸ்டு மாதம் 13-ம் தேதி திங்கட்கிழமை மதியம், பழநிப் பக்கத்துப் பேச்சுள்ள, ஆறரை அடி உயரமான ஒருவர் என் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டினார். பெயர் ஜோதிமணி என்றும், வயது பதினாறு என்றும், காணாமல் போன தன் அண்ணன் மகளைத் தேடி ஊர் ஊராக அலைவதாகவும் சொல்லி, "ஏனுங்க, இந்தப் புள்ளைய எங்காச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. ஆனால் என்னைக் கேட்டவர் யாரும் தெரியாது என்ற பதிலோடு திரும்பிப் போனது கிடையாது. ஆகவே, "நேத்துத்தான பாத்தேன். வேடசந்தூர் ரோட்டுல ஒரு புகையிலைக் கொட்டகை வாசல்ல நின்னுச்சு" என்றேன். அந்த ரோட்டில் எங்கே இறங்கினாலும் ஒரு புகையிலைக் கொட்டகை இருக்கும் என்பதால் அப்படிச் சொன்னேன்.

அதன் பிறகு அவர் அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. போட்டோவைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நீங்களே வந்து காட்டுங்க, மாமா" என்றார்.

அதன் பிறகு இருவரும் வேடசந்தூர் பஸ்ஸில் ஏறினோம். என் மகள் பத்தாம் வகுப்பில் முதல் மார்க்கு என்பதையும், எந்தப் பள்ளிக்கூடம் என்பதையும், சாயங்காலம் எந்தத் தெரு வழியாகத் தனியாக நடந்து வருவாள் என்பதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கவனமாகக் கேட்டார். கண்டக்டர் வந்தபோது, எங்கே இறங்குவது என்று நான் யோசிப்பதற்குள், அவரே ஒரு ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கினார். அந்தப் பெயரை நான் அவரிடம் சொல்லவில்லை.

அதன் பிறகு இறங்கி வண்டிப்பாதையில் அவர் முன்னாலும் நான் பின்னாலும் நடந்தோம். வழி காட்ட வந்தவன் நான். பாதை பிரிந்த இடத்தில் அவர் நிற்காமல் இடப்பக்கம் திரும்பினார். சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு கொட்டகை முன் நின்று, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே யாரோ இருமினார்கள். அவர் தேடியது பெண்ணை அல்ல, பெண்ணைப் பார்த்த ஆளை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "இதே கொட்டகைதானுங்களே? உள்ள வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அந்நேரம் மண்ரோட்டில் புழுதி கிளம்பியது. அது ஷிப்டு விட்டு வரும் மில் பஸ் என்று எனக்குத் தெரியும். மலைக்கோட்டை அதிரும்படி சிரித்து, "அந்தா வாராரு என் மச்சான், டவுன் இன்ஸ்பெக்டரு. அவருட்ட சொல்லிட்டுத்தான வந்தேன். செத்த நேரத்துல ஜீப்பு வந்துரும்" என்றேன். அவர் புழுதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்பு சோளக்காட்டுக்குள் இறங்கினார். ஓடவில்லை, நடந்தே போனார்.

அதன் பிறகு பஸ்ஸை மறித்து மில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். ஜோதிமணி கை கால் கட்டப்பட்டு, உயிரோடு இருந்தாள். "அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது மாமா" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு இன்ஸ்பெக்டர் மச்சான் கிடையாது. இன்ஸ்பெக்டராகிய தங்களையே இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

நான் சொல்லச் சொல்லத் தாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி சாப்பாட்டுத் தூக்குடன் ஸ்டேஷனுக்கு வந்தாள். செத்த முன்னால் ஒருவர் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க, முதல் மார்க்கு வாங்குற புள்ள வீடு இதுங்களா?" என்று கேட்டதாகவும், தான் சந்தோஷப்பட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொன்னதாகவும் கூறுகிறாள்.

எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டாம் ஐயா. அந்த ஆளிடம் நான் சொன்ன இரண்டு பொய்யைத் தவிர அத்தனையும் நடந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். ஜீப்பை எடுக்கச் சொல்லுங்கள்.

(ஒப்பம்) அ. சூசைமாணிக்கம்